ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருந்து ஆய்வு: சேரலாமா?

ஆய்வில் சேர நினைப்பவர்கள் மருந்து ஊசியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஆனால் ஆளைக் களைக்க வைப்பது, செல்பேசிச் செயலியில் தினமும் நிரப்பும் தலைவலி டைரிதான். மருந்து தருவதற்கு முன் வழக்கமாக 28 நாட்கள் பதிவு மட்டுமே நடக்கும். வலி எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, ஒரு பக்கமா, விண்விண்ணென்று தெறித்ததா, நடந்தால் கூடியதா, குமட்டியதா, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லையா, எந்த மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்று அன்றன்றே பதிய வேண்டும். வலி இல்லாத நாளிலும் 'இல்லை' என்று பதிந்தே ஆக வேண்டும். பல ஆய்வுகளில் 80% நாட்களாவது நிரம்பாவிட்டால் அடுத்த கட்டமே கிடையாது. நாள் பல கடந்தபின் பின்தேதியிட்டு நிரப்பப் பெரும்பாலும் செயலி விடாது, அது சரிதான். நினைவிலிருந்து எழுதினால் கடும் வலி மட்டும் நிற்கும், லேசான வலி வந்த நாட்கள் மறந்துபோகும்.

மாதத்துக்கு 4 முதல் 14 நாட்கள் ஒற்றைத் தலைவலி வருவோருக்கு ஒரு வகை ஆய்வு. 15 நாட்களும் அதற்கு மேலும் தலைவலி உள்ளவர்களுக்கு வேறு. டிரிப்டானை (ஒற்றைத் தலைவலி வந்ததும் எடுக்கும் நிவாரண மருந்து வகை) மாதம் 10 நாட்களோ, சாதாரண வலி மாத்திரையை 15 நாட்களோ, அதற்கு மேலோ மாதாமாதம் எடுப்பவரைச் சில ஆய்வுகள் சேர்ப்பதில்லை. மாத்திரையே தலைவலியை வளர்க்கும் நிலை அது. சேர வேண்டும் என்பதற்காக எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ப்ரோப்ரனலால் போன்ற பழைய தடுப்பு மருந்தை நிறுத்தச் சொன்னால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் படபடப்பும் ரத்த அழுத்தமும் எகிறும்.

பதிவுக் கட்டம் முடிந்ததும், மருந்து தரும் கட்டம் பெரும்பாலும் 12 வாரங்கள். உங்களுக்குக் கிடைத்தது மருந்தா, போலி மருந்தா (பார்க்க அதே போலிருக்கும், மருந்துச் சத்து இல்லாதது) என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. போலி மருந்திலேயே பலருக்கு வலி நாட்கள் குறைவது ஒற்றைத் தலைவலியில் சகஜம். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் மருந்தின் பலனைப் பிரித்தறிய வழியில்லை. நடுவில் வலி வந்தால் வழக்கமான நிவாரண மாத்திரையைப் பொதுவாக அனுமதிப்பார்கள். அதையும் டைரியில் ஏற்ற வேண்டும். ஊசியை வீட்டில் போடுவதாக இருந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியில் வைத்துப் போடுங்கள், எரிச்சல் குறையும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனை, இசிஜி, வினாத்தாள் என்று ஒவ்வொரு வருகையும் நேரத்தைத் தின்னும். ஆனாலும் வலியை இவ்வளவு கவனமாகக் கணக்கெடுக்கும் சிகிச்சை வெளியில் அரிது, அதற்காகவே பரிந்துரைக்கிறோம். உடனடி நிவாரணம் தேடுவோருக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோருக்கும் இது ஏற்றதல்ல.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கிப்போய்ப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? 12 வாரங்களுக்குப் பிறகு எல்லோருக்கும் அசல் மருந்து தரும் நீட்டிப்பு உண்டா?