சால்வடோர் தெருக்கடைகள்: ஏமாற்று அடுப்பில் இல்லை, கார்டு மெஷினில்

பிரேசிலின் சால்வடோரில் தெருச் சாப்பாடு ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே தின்னத்தான் வேண்டும். பணம் பறிபோவது வாயில் வைத்த பிறகு, கணக்குத் தீர்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில். போர்ட்டோ டா பாரா கடற்கரையிலும் பெலோரின்யோ தெருக்களிலும் வெளியூர்க்காரர்கள் சிக்குவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

மணலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் தகர அடுப்போடு ஒருவர் வருகிறார். குச்சியில் செருகிய கேஜோ குவால்யோ என்கிற கெட்டிச் சீஸை அங்கேயே சுட்டு, ஆரிகனோ தூவித் தருகிறார். விலை 10 ரெயால் என்கிறார். சில்லறை இல்லை, கார்டு போதும் என்று மெஷினை நீட்டுகிறார். திரையில் கீறல், அல்லது பாதியை மறைத்து ஒரு ஸ்டிக்கர், போதாக்குறைக்கு மேலே வெயில். நீங்கள் பின் நம்பரைப் போடுகிறீர்கள். ராத்திரி போனைப் பார்த்தால் 1,000 ரெயால் போயிருக்கிறது.

எப்படி என்றால், அந்த மெஷினில் கடைசி இரண்டு இலக்கமும் எப்போதும் சென்டாவோ, அதாவது பைசா. 1, 0, 0, 0 என்று அமுக்கினால் 10,00 என்று விழும். இன்னும் இரண்டு சைபர் தட்டினால் 1.000,00. பிரேசிலில் பைசாவுக்கு முன்னால் வருவது கமா, ஆயிரத்துக்குப் பின்னால் வருவது புள்ளி. நமக்குப் பழகியதற்கு நேர் தலைகீழ். அவசரத்தில் 1.000,00 என்பதை நம் கண் ஒரு ரூபாயாகக்கூடப் படித்துவிடும். கமாவுக்கு இடது பக்கம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். திரை சரியாகத் தெரியவில்லையென்றால் அந்த மெஷினில் கொடுக்காதீர்கள், ரொக்கமாகக் கொடுங்கள். 5, 10, 20 ரெயால் தாள்களாக மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கார்டுதான் என்றால் மெஷினை உங்கள் கையில் வாங்குங்கள், செருகுவதும் எடுப்பதும் நீங்களே. பின் நம்பர் போடும்போது திரையில் நட்சத்திரக் குறிதான் வர வேண்டும். இலக்கமே தெரிந்தால் நீங்கள் இன்னும் தொகை போடும் கட்டத்தில் இருக்கிறீர்கள். விற்பவர் உங்கள் நம்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்து கார்டை வாங்கி, அதே நிறத்தில் வேறு கார்டைத் திருப்பித் தருவார். இதற்காகவே கார்டின் மூலையில் ஒரு துண்டு வண்ணக் காகிதம் ஒட்டி வைப்பது நல்லது. 'போகவில்லை, இன்னொரு மெஷினில் போடலாம்' என்று சொன்னால், முதலில் போனில் வங்கிச் செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும், தோல்வியுற்றதற்கான சீட்டைக் கேட்டு வாங்காமல் இரண்டாவது முறை தேய்க்க வேண்டாம். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுச் செலவுக்குத் தினசரி வரம்பைக் குறைத்து வைத்துவிடுங்கள்.

இனி அக்கராஜே. நம் வடைக்கு அண்ணன் முறை: தோல் நீக்கிய காராமணியை வெங்காயம், உப்போடு அரைத்து, நன்றாக அடித்து, தெந்தே என்னும் செம்பனை எண்ணெயில் பொரிப்பது. வெள்ளை உடையில் உட்கார்ந்து இதை விற்கும் பயானாக்களின் தொழிலைப் பிரேசில் அரசு 2005-இல் பண்பாட்டுச் சொத்தாகவே பதிந்திருக்கிறது. வெளியே ஆரஞ்சு கலந்த பழுப்பு, உள்ளே வெளிர் நிறம், பிட்டால் பஞ்சு மாதிரி பிரிய வேண்டும். உள்ளே களியாக இருந்தால் மாவைச் சரியாக அடிக்கவில்லை. சட்டி புகைந்து, எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். எண்ணெயில் முழு வெங்காயம் மிதந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் கருகாமல் இருக்கப் போடுவது.

'கேன்ச்சி?' என்று பயானா கேட்பார். சொல்லுக்கு 'சூடாகவா' என்று அர்த்தம். அக்கராஜே கடையில் அது 'காரம் போடவா' என்ற கேள்வி. ஆமாம் என்றால் மிளகாய் விழுது விழும். நம் நாக்குக்கு அது பெரிய விஷயமில்லை.

சைவக்காரர்களுக்குத்தான் உண்மையான அடி. 'செம் கமராவ்', இறால் வேண்டாம் என்று சொன்னால் மேலே வைக்கும் இறாலை மட்டும் விடுவார்கள். உள்ளே தடவும் வத்தபா என்ற விழுதிலும், வெண்டைக்காய்க் கருருவிலும் உலர்ந்த இறால் அரைபட்டே கிடக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர்கள் வழக்கமே அதுதான். வெறும் அக்கராஜேயில் தக்காளி சாலட்டும் மிளகாயும் மட்டும் கேளுங்கள். அதே மாவை வாழையிலையில் அவிக்கும் அபாரா சைவம் போலத் தெரியும். பெரும்பாலும் அதன் மாவிலேயே இறால் உண்டு. வத்தபாவில் வேர்க்கடலையும் முந்திரியும் சேருவதால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

கடற்கரை நாற்காலிக்கு வருவோம். குடையும் நாற்காலியும் இலவசம் என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். எழும்போது 'குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும்' என்று ஒரு கணக்கு வரும். 1990-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்காமல் மேசையில் வைத்த பண்டம் இலவச மாதிரிக்குச் சமம். சட்டம் பேசி மணலில் ஜெயிப்பது கஷ்டம்தான். அதனால் உட்காரும் முன்பே நாற்காலிக்கு எவ்வளவு, குடைக்கு எவ்வளவு, பொரித்த மீன் தட்டுக்கா ஆளுக்கா என்று கேட்டு, விலைப்பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பீரில் 269, 350, 473 மில்லி என்று மூன்று அளவு கேன்கள் புழங்குகின்றன. விலை சொல்லும்போது பெரிய கேன், கொண்டுவரும்போது சின்னது. காலி கேனை எடுத்துப் போக விடாமல் மேசையிலேயே வரிசையாக வையுங்கள், எண்ணிக்கைத் தகராறு வராது.

பார் பில்லில் 10 சதவீதச் சேவைத் தொகை இருக்கும். அது கட்டாயமில்லை, சேவை நன்றாக இருந்தால் கொடுங்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள். பாட்டுக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வரும். மேடையில் ஆள் பாடினால், அதையும் முன்கூட்டியே அறிவித்திருந்தால் நியாயம். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு எதற்கு?

மேசைக்கு வந்து மணிக்கட்டில் வண்ண ரிப்பன் கட்டுகிறவர்கள் தனி ரகம். போன்ஃபிம் தேவாலயத்து ரிப்பன், மூன்று முடிச்சு, மூன்று வேண்டுதல், 'அன்பளிப்பு' என்பார்கள். முடிச்சு விழுந்ததும் கழுத்துமாலை விற்பனை தொடங்கும். கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு 'நாவ், ஒப்ரிகாடு' என்றால் போய்விடுவார்கள்.

குடிப்பதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கைப்பிரின்யா என்றால் கஷாசா என்ற கரும்புச் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை. சால்வடோரில் வோட்காவில் பழம் போட்டு ரோஸ்கா என்று விற்பார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் சாவோ பாலோ பக்கம் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் உயிர்களைப் பறித்தது. அது வோட்கா, ஜின், விஸ்கி பாட்டில்களில் வந்தது. ஆகவே முத்திரையில்லாத பாட்டிலிலிருந்து ஊற்றும் தெருவோர ரோஸ்காவை விட்டுவிட்டு, கண்ணெதிரே திறக்கும் பீரோடு நிறுத்துங்கள். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துப் பார்வை மங்கினால் அது ஹேங்ஓவர் இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புதிதாகப் பழகியவர் கொண்டுவரும் கோப்பையையும் வாங்காதீர்கள். மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பதற்கு அங்கே 'போவா நோய்ச்சி சிண்டரெல்லா' என்று பெயரே உண்டு.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியே கார்டை முடக்குங்கள். ஆபத்து என்றால் 190. பெலோரின்யோவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிக் காவல் நிலையம் இருக்கிறது; அங்கே எழுதித் தரும் புகார்ப் பதிவு வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்க உதவும். மெஷின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பணம் யார் கணக்குக்குப் போனது என்ற பெயரும் பதிவு எண்ணும் அதில்தான் இருக்கும். வெயில் பட்டால் அந்த மை வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.