ப்ரிஃபர் டு, வுட் ராதர் தேன்: எது தேவலை?

அக்கா மகனுக்கு மறுநாள் காலை நேர்முகத் தேர்வு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என்னை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தான். பகல் ஷிஃப்டா, நைட் ஷிஃப்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ மோர் ப்ரிஃபர் டே ஷிஃப்ட் தேன் நைட் ஷிஃப்ட்" என்றான், தெம்பாக. ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மனசுக்குள் 'நைட் ஷிஃப்டை விட' என்று தமிழ் ஓடியிருக்கிறது. 'விட' இருந்த இடத்தில் அப்படியே 'தேன்' ஊற்றிவிட்டான்.

ஒன்றைவிட இன்னொன்று பிடிக்கும் என்று சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது மூன்று வழி: லைக் பெட்டர், ப்ரிஃபர், வுட் ராதர். அர்த்தம் பெரிதாக மாறாது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு வரும் ஆள் வேறு. குழப்பமெல்லாம் அங்கேதான்.

லைக் பெட்டரில் நமக்கு வம்பே இல்லை. 'ஐ லைக் காபி பெட்டர் தேன் டீ.' பெட்டர் என்பது ஒப்பிடும் சொல், அதனால் தேன் வருகிறது. நம் 'விட' கணக்கு நேராகப் பொருந்திவிடும். வீட்டுப் பேச்சுக்குப் போதும். ஆபீஸ் மெயிலில் எழுதினால் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், அவ்வளவுதான்.

ப்ரிஃபர் அப்படியில்லை. இது லத்தீன் வழி வந்த சொல். 'முன்னே கொண்டுபோய் வைப்பது' என்பது அதன் மூல அர்த்தம். முன்னே வைப்பதிலேயே ஒப்பீடு அடங்கிவிடுவதால் 'மோர்' தேவையில்லை. 'மோர் ப்ரிஃபரபிள்' என்பதும் இதே காரணத்தால் தப்பு. தேன் வராது, டுதான் வரும். லத்தீனிலிருந்து வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாமே டு கேட்கும் சொற்கள்தான். நம் ஆபீஸ்களில் என்ன சொல்கிறோம்? 'அவர் எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்.' அந்த 'எனக்கு'தான் 'டு மீ'.

இதைப் பிடித்துக்கொண்டே ப்ரிஃபருக்கும் வழி கண்டுபிடித்துவிடலாம். 'விட'வை மறந்துவிட்டு 'தேவலை'யை நினைத்துக்கொள்ளுங்கள். 'பஸ்ஸில் நின்றுகொண்டு போவதற்கு நடப்பதே தேவலை.' ஆங்கிலத்தில், 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு ஸ்டாண்டிங் இன் த பஸ்.' நாம் வேண்டாம் என்று ஒதுக்குவதன் மேல் தமிழில் 'கு' ஏறுகிறது, ஆங்கிலத்தில் அதன் முன்னால் டு நிற்கிறது. அதோடு, தமிழில் 'போவது', 'நடப்பது' என்று வினையைப் பெயராக்கித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதேபோல ஸ்டாண்ட் வராது, ஸ்டாண்டிங் வரும். பள்ளியில் யாராவது இப்படிச் சொல்லித் தந்திருந்தால் எனக்கு எத்தனையோ சிவப்பு மை சுழி மிச்சமாகியிருக்கும்.

ஒரு சிக்கல். 'ஐ ப்ரிஃபர் டு வாக்' என்று தொடங்கிவிட்டால் ஏற்கெனவே ஒரு டு வந்துவிட்டது. இன்னொரு டு போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் 'ராதர் தேன்' போட்டு முடிக்க வேண்டும்: 'ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் ஸ்டாண்ட் இன் த பஸ்.'

வுட் சேர்ந்தால் இன்னொரு நிறம் வரும். 'ஐ ப்ரிஃபர் காபி' என்றால் எப்போதுமே நான் காபி கட்சி. 'ஐட் ப்ரிஃபர் காபி' (ஐ வுட் சுருங்கினால் ஐட்) என்றால் இப்போதைக்குக் காபி கிடைத்தால் நல்லது. விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாவதுதான் மரியாதை.

வுட் ராதருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காலை வாரிவிடுவதும் இதுதான். 'ஐட் ராதர் வாக் தேன் ஸ்டாண்ட் இன் த பஸ்.' இரண்டு பக்கமும் மொட்டை வினை. டு கிடையாது, இங் கிடையாது. தேன் இங்கே சரி. ஏனென்றால் பழைய ஆங்கிலத்தில் சீக்கிரம் என்ற பொருளில் இருந்த ஒரு சொல்லின் ஒப்பீட்டு வடிவம்தான் ராதர்; 'இன்னும் சீக்கிரமாக' என்று அர்த்தம். 'வுட் சூனர்' என்று இன்றும் அதே பொருளில் சொல்கிறார்கள். இதற்குப் பின்னால் வெறும் பெயர்ச்சொல் நிற்காது: 'ஐட் ராதர் காபி' அல்ல, 'ஐட் ராதர் ஹேவ் காபி'. பேச்சில் அந்த 'ட்' காதில் விழுவதே இல்லை. அதனால் பலர் 'ஐ ராதர் கோ' என்றே எழுதிவிடுகிறார்கள். வுட்டை விட்டால் வாக்கியம் நிற்காது. 'ஐ ராதர் லைக் இட்' என்பது வேறு கதை, 'பரவாயில்லை, பிடித்துத்தான் இருக்கிறது' என்கிற தொனி.

அடுத்தவர் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது இன்னும் விசித்திரம்: 'ஐட் ராதர் யூ கேம் டுமாரோ.' நாளைக்கு வரப்போகிறவருக்கு எதற்கு இறந்தகாலம்? தமிழில் நாமும் அதைத்தான் செய்கிறோம். 'நீங்க நாளைக்கு வந்தா தேவலை.' வந்தான், வந்தாள் என்பதில் இருக்கிற அதே 'வந்த்'தான் இதிலும். மறுபடியும் தேவலையே கைகொடுக்கிறது. பயமாக இருந்தால் 'ஐட் ப்ரிஃபர் யூ டு கம் டுமாரோ' என்று பத்திரமாகச் சொல்லிவிடலாம்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒன்று முகஜாடையால் உள்ளே நுழைந்துவிடும்: ஹேட் பெட்டர். 'யூட் பெட்டர்' என்பதில் இருப்பது வுட் அல்ல, ஹேட். அது விருப்பம் அல்ல, 'செய்துவிடு, இல்லாவிட்டால் வம்பு' என்கிற எச்சரிக்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்கு, பணிவான யோசனை என்று நினைத்து, 'யூ ஹேட் பெட்டர் சென்ட் த பேப்பர்ஸ் டுடே' என்று மெயில் அனுப்பினேன். பதில் இரண்டே வரி, என் மேலாளருக்கும் ஒரு நகல்.

மறுப்பதற்கு வுட் ராதர் நாட், ப்ரிஃபர் நாட் டு இரண்டுமே நாகரிகம். படிவங்களில் 'ப்ரிஃபர் நாட் டு சே' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதுதான். என்னைக் கேட்டால் வாயால் சொல்ல வுட் ராதர், எழுத ப்ரிஃபர்.

நம்ம பையன் விஷயம். அரை மணி நேரம் டு, தேன், இங் என்று தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் 'ஐட் ப்ரிஃபர் த டே ஷிஃப்ட்' என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

"நைட் ஷிஃப்ட் பேரையே எடுக்கலையே மாமா?"

"கேட்டதே அவங்கதானேடா. அவங்களுக்குத் தெரியாதா?"