மருத்துவச் சோதனைக்கான ஒப்பந்த மாதிரி: வாங்குமுன் வரையறையைப் படியுங்கள்

புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கும்போது, சோதனைக்குப் பொறுப்பேற்றுப் பணம் தரும் ஸ்பான்சர் நிறுவனம், மருத்துவமனை, முதன்மை ஆய்வாளர் ஆகிய மூன்று தரப்பினரும் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தின் மாதிரியை, இணையவழிச் சட்டச் சேவை ஒன்றிடமிருந்து எங்கள் மருத்துவமனைக்காக விலைகொடுத்து வாங்கினோம். பணத் தவணைகள், ஆவணப் பாதுகாப்பு, முடிவுகளை வெளியிடும் உரிமை ஆகியவை பற்றிய பிரிவுகள் தெளிவாகவே உள்ளன. ஆனால் மருத்துவச் சோதனை என்றால் என்ன என்பதைச் சொல்லும் பிரிவை ஏற்க இயலவில்லை.

புரோட்டோகாலின்படி, அதாவது எழுத்திலுள்ள ஆய்வுத் திட்டத்தின்படி, ஸ்பான்சரின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுப்பதே மருத்துவச் சோதனை என்கிறது இந்த மாதிரி. இந்தியாவில் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளோ, மருந்தின் பாதுகாப்பையும் செயல்திறனையும் உடல் அதைத் தாங்கும் அளவையும் தீர்மானிப்பதற்கான தரவுகளைத் திரட்ட மனிதரிடம் நடத்தப்படும் முறையான ஆய்வு முழுவதையும் அதில் அடக்குகின்றன. உடல்நலமுள்ள தன்னார்வலரும் அவ்விதிகளின்படி பங்கேற்பாளரே. மாதிரியிலோ அவருக்கு இடமே இல்லை.

காப்பீடும், மருத்துவமனைக்கு வரும் இழப்பை ஈடுசெய்வதாக ஸ்பான்சர் அளிக்கும் பொறுப்புறுதியும் இந்த வரையறையைச் சார்ந்தே நிற்கின்றன என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத முடியாது. ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தற்ற போலி மருந்தான பிளாசிபோவைப் பெற்றவருக்கு ஸ்பான்சரின் மருந்தே கொடுக்கப்படவில்லை. தகுதி பார்க்கும் கட்டத்தில் திசு எடுக்கும்போது காயமடைந்தவருக்கும் அப்படியே. எனவே மாதிரியின் வரையறைக்குள் இருவரும் வரமாட்டார்கள். ஆனால் 2019 விதிகளில் 41ஆம் விதி, உரிய சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் அதற்குப் பதிலாகப் பிளாசிபோ கொடுத்ததால் வந்த பாதிப்பையும், ஆய்வின் செய்முறைகளால் நேர்ந்த தீவிர பாதிப்பையும், பெற்றோரில் ஒருவர் பங்கேற்றதால் கருவிலுள்ள குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பையும்கூட சோதனையின் விளைவாகவே கொள்கிறது.

இதைச் சுட்டிக்காட்டியபோது, சட்டத்துக்கு முரணான பகுதி செல்லாது என்ற பொதுப் பிரிவு இறுதியில் இருப்பதாகச் சேவையினர் பதிலளித்தனர். பாதிக்கப்பட்டவரின் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்பது உண்மைதான். இழப்பீட்டு ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் ஸ்பான்சர் பணம் செலுத்தியாக வேண்டும். ஆயினும் மருத்துவமனைமீது தொடரப்படும் வழக்கின் செலவை ஸ்பான்சர் ஏற்பாரா, காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா என்ற சச்சரவை அந்தப் பொதுப் பிரிவு தீர்க்காது. படுக்கையில் இருப்பவரின் குடும்பம் அந்தச் சச்சரவுக்கு நடுவில் சிக்கிக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியாது.

மருத்துவச் சாதனங்களின் ஆய்வுக்கு 2017ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன என்பதையும் மாதிரி கவனிக்கவில்லை.

நாங்கள் அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, 2019 விதிகளின் வரையறையைச் சேர்த்தோம். ஒப்புதல் படிவத்தில் பங்கேற்பாளர் கையெழுத்திடுவதிலிருந்து தொடர் கண்காணிப்பு முடியும்வரை, பங்கேற்பாளரின் நலனைக் காக்க ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு ஏற்ற திருத்தங்கள் உட்பட, புரோட்டோகாலின்படி நடக்கும் அனைத்தும் சோதனையில் அடங்கும் என்றும் எழுதினோம். மருந்து ஆய்வுகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் உடனிருந்தால் இந்த மாதிரியை வாங்கலாம். அவரில்லாமல் இதை அப்படியே நிரப்பிக் கையெழுத்திட வேண்டாம்.