விலை உயர்ந்த ஏர் ரைபிள்: எது எங்கே காலை வாரும்?

விலை உயர்ந்த ஏர் ரைபிள்களைப் பற்றிப் பேச்செடுத்தால் குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) எவ்வளவு சின்னது, டிரிகர் எவ்வளவு மென்மை, கட்டை வால்நட்டா லேமினேட்டா என்றுதான் ஓடும். அந்த விலைக்கு வந்துவிட்டால், பாரலுக்கு (குழலுக்கு) பொருந்திய பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) போட்டால் ஏறக்குறைய எல்லாமே நன்றாகச் சுடும். எது பழுதாகும், எப்படிப் பழுதாகும், பெட்டியைப் பிரிக்கும்போதே என்ன குறையோடு வரும், அதை யாரால் சரிசெய்ய முடியும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். உயர்தர ஸ்பிரிங் ரைபிள், ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) வைத்த பிசிபி (முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்றை நிரப்பிச் சுடும் ரைபிள்), மின்னணு பிசிபி, 10 மீட்டர் போட்டி ரைபிள் என நான்கு வகைகளை இந்தக் கேள்விகளோடு மட்டும் ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை ஏற ஏற நம்பகத்தன்மையும் ஏறும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓ-ரிங்குகளும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) திருகுகளும் கூடக் கூட, பூட்டுகிறவரின் பொறுமையும் சோதனைக்கு ஒதுக்கிய நேரமும்தான் ரைபிளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

ஸ்பிரிங் வகையில் உச்சத்தில் இருப்பவை ஜெர்மனியின் வைராக் எச்டபிள்யூ97, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200 போன்ற அண்டர்லீவர் ரைபிள்கள். பாரல் நகராது, கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத்தான் ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும்; சுடும்போது அந்த ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, சிலிண்டர் காற்றை அழுத்திப் பெல்லட்டை அனுப்பும். பாரலை மடக்கும் ரைபிள்களில் மூட்டுத் தேய்மானத்தால் வரும் குறி மாற்றம் இவற்றுக்குக் கிடையாது. இவற்றில் வரும் குறைகள் பழைய, தெரிந்த குறைகள். தொழிற்சாலையில் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தால் முதல் சில டின் பெல்லட்டுகள் வரை புகையும் வெடிச்சத்தமும் வரும். அழுத்தத்தில் கிரீஸ் பற்றிக்கொள்வதுதான் காரணம், வேகமும் தாறுமாறாக இருக்கும். சிலிண்டரில் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் பிசிறைத் தேய்த்து எடுக்காமல் விட்டிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போதே சீல் கீறிவிடும். ஸ்பிரிங்குக்கும் அதன் கைடுக்கும் இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு குண்டுக்கும் ரீங்காரம் கேட்கும்.

இத்தனை இருந்தும் இந்த வகையை நான் மதிப்பதற்குக் காரணம், இது பழுதாகும் விதம். சீல் தேய்ந்தால் வேகம் மெல்ல மெல்ல இறங்கும். ஸ்பிரிங் உடைந்தால்கூடப் பல நேரம் ரைபிள் சுட்டுக்கொண்டுதான் இருக்கும், பலம் மட்டும் குறையும். 1970களின் சில ஜெர்மன் ரைபிள்களில் பிஸ்டன் சீல்கள் பெட்டிக்குள் கிடந்தே பொடிந்துபோயின; புதிய சீலைப் போட்டதும் அதே ரைபிள்கள் மறுபடி பழைய துல்லியத்துக்கு வந்தன. வைராக்கின் ரெகார்ட் டிரிகர் இரண்டே ஊசிகளில் நிற்கும் தனித் தொகுதி, கழற்றுவது எளிது. ஒரு எச்சரிக்கை உண்டு. ஸ்பிரிங் ரைபிளின் உதை முன்னும் பின்னுமாக இரண்டு திசையில் வருவதால் அதைத் தாங்காத ஸ்கோப்புகள் உள்ளே உடைந்துவிடும். குறி அலைந்தால் ரைபிளைக் குற்றம் சொல்லும் முன் ஸ்கோப்பையும் மவுண்டையும் கட்டைத் திருகுகளையும் பாருங்கள்.

அடுத்து ரெகுலேட்டர் பிசிபி. மனக்கசப்பு அதிகம் இங்கேதான். ஸ்வீடனின் எஃப்எக்ஸ் இம்பாக்ட் போன்றவை பிசிபி ரைபிள்களின் ஒரு முனை: ரெகுலேட்டர் அழுத்தம், ஹேமர் ஸ்பிரிங் (வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்), காலிபர் (குண்டின் விட்டம்) எல்லாவற்றையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். ஏர் ஆர்ம்ஸ் எஸ்400 போன்ற ரெகுலேட்டர் இல்லாத எளிய ரைபிள் மறுமுனை. அதில் காற்று குறையக் குறைய வேகம் ஏறி, சமமாகி, இறங்கும். சமமான பகுதிக்குள் சுடப் பழகினால் போதும், தொல்லை கொடுக்க ஒரு பாகம் குறைவு.

ரெகுலேட்டரின் வேலை, சிலிண்டரில் 250 பார் (காற்றழுத்த அலகு) இருந்தாலும் வால்வுக்குப் பின்னால் உதாரணமாக 120 பாரை மட்டும் விடுவது. உள்ளே ஒரு சிறு பிஸ்டன், குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் சீட்டில் அமர்ந்து வழியை அடைக்க வேண்டும். அந்தச் சீட்டில் கடைசல் துகள் ஒன்று பதிந்தால், அல்லது மேற்பரப்பு சரியாக மெருகேறாவிட்டால், காற்று துளித்துளியாக நுழைந்துகொண்டே இருக்கும். இரவில் 120 பாரில் வைத்தது காலையில் 135 ஆகியிருக்கும். இதைத்தான் ரெகுலேட்டர் கிரீப் என்கிறார்கள். இதன் அறிகுறி குழப்பும்: ஹேமர் ஸ்பிரிங் வலுவாக இருந்தால் காலையின் முதல் குண்டு வேகமாகப் போகும், வலு குறைவாக இருந்தால் கூடுதல் அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடித்து முதல் குண்டை மெதுவாக்கும். ஒரே நோய்க்கு எதிரெதிர் அறிகுறிகள் என்பதால், பலர் பெல்லட்டையும் பாரலையும் மாற்றிப் பணத்தை விரயமாக்குகிறார்கள்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கிரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) முன் பத்து குண்டு சுடுங்கள், ரைபிளை ஒரு இரவு விடுங்கள், மறுநாள் முதல் குண்டின் வேகத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலவற்றோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்தில் துப்பாக்கி உரிமம் கேட்காத 12 அடி-பவுண்டு ஆற்றல் வரம்புக்குள் இருக்கும் ரைபிளை எடுத்துக்கொள்வோம். 8.44 கிரெயின் (சுமார் 0.55 கிராம்) எடையுள்ள பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டரில் கிளம்பும். அதில் 10 மீட்டர் மாறினால் 45 மீட்டர் தூரத்தில் விழும் இடம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நகரும். குரூப்பை நாசமாக்க அது போதும்.

கசிவு இன்னொன்று. ஓ-ரிங்கைத் திருகுமரைகளின் மேல் இழுத்துப் பூட்டும்போது அது மிக எளிதில் வெட்டுப்படும். வெட்டு மயிரிழை அளவுதான் என்றால் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். இன்று பூட்டி, இன்றே சுட்டுப் பார்த்து, இன்றே பெட்டியில் அடைத்தால் இந்தக் குறை வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படும். இவ்வளவு விலை வாங்கும் தயாரிப்பாளர், காற்று நிரப்பிய ரைபிளைச் சில நாள் அலமாரியில் நிறுத்திவைத்துப் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அதே சமயம் எல்லா முள் இறக்கமும் கசிவு அல்ல. நிரப்பும்போது காற்று சூடாகும், ஆறியதும் முள் இறங்கும். அறை வெப்பம் 20 டிகிரியிலிருந்து 10க்குப் போனாலே 200 பார் சுமார் 193 ஆகிவிடும்.

பல பெல்லட்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினையும் சந்தேகப்படுங்கள். அது பாரலோடு நேர்கோட்டில் நிற்காவிட்டால் பெல்லட்டின் ஓரத்தைச் சீவிவிடும். மேகசினிலிருந்து ஏற்றிய பெல்லட்டைச் சுடாமல், காற்றை முழுதும் வெளியேற்றிய நிலையில், முனையிலிருந்து கம்பியால் தள்ளி வெளியே எடுத்து, பெல்லட்டின் பாவாடை (பின்புற விரிந்த பகுதி) ஓரத்தைப் பாருங்கள். ஒற்றைக் குண்டுத் தட்டில் குரூப் சுருங்கி, மேகசினில் விரிந்தால் குற்றவாளி அதுதான்.

மின்னணு பிசிபிக்கு டேஸ்டேட் ரெட் வுல்ஃப் நல்ல உதாரணம். டிரிகர் ஒரு மின் சுவிட்ச். வால்வை அடிக்கும் விசை சொலினாய்டிலிருந்து (மின்காந்தச் சுருளிலிருந்து) வருகிறது. சர்க்யூட் பலகை அந்தத் துடிப்பை அளந்து கொடுக்கிறது. உரசித் தேயும் சியர் (டிரிகரை இழுக்கும் வரை ஹேமரைப் பிடித்து நிற்கும் கொக்கி) இல்லை, டிரிகரின் மென்மையை இயந்திர டிரிகர் எட்டுவது கடினம். மின்னணு டிரிகர் என்றாலே பயப்பட வேண்டாம். மொரினி சிஎம்162 ஏர் பிஸ்டல் பல ஆண்டுகளாக ஒலிம்பிக் அளவில் அதைக் கொண்டு சுடப்படுகிறது. என் தயக்கம் பலகையைப் பற்றியது. ஸ்பிரிங்கைக் கடைசல்காரர் செய்துகொடுப்பார், ஓ-ரிங் எங்கும் கிடைக்கும். பலகை போனால் தயாரிப்பாளர் மட்டுமே கதி. அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டால் அந்த வழியும் அடைபடலாம். நீண்டகாலம் வைத்திருக்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

10 மீட்டர் போட்டி ரைபிள்கள், அதாவது ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், வால்தர், ஸ்டெய்ர் ஆகியோரின் தயாரிப்புகள், இந்த ஒப்பீட்டில் மற்ற மூன்றையும் தாண்டி நிற்கின்றன. பத்தாம் வளையத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர். நொடிக்கு 175 மீட்டரில் போகும் பெல்லட்டின் வேகம் ஒரு சதவீதம் மாறினால் 10 மீட்டரில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நகரும். தசமப் புள்ளி எண்ணும் போட்டியில் அது கண்ணில் படும். அதனால் தயாரிப்பாளரால் அலட்சியமாக இருக்க முடியாது. ரைபிளைக் கவ்வியில் பிடித்துச் சுட்ட சோதனை அட்டையையும் பெட்டியில் வைப்பது வழக்கம். ஆற்றல் குறைவு, பாகங்களின் மேல் சுமை குறைவு, வேலையும் ஒன்றே ஒன்று. இதன் செலவு வேறிடத்தில் வரும்: காற்றுச் சிலிண்டருக்கு வழக்கமாகத் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுதான் ஆயுள், காலாவதியான சிலிண்டரோடு சர்வதேசப் போட்டிக்குப் போக முடியாது. வேட்டைக்கோ நீண்ட தூரத்துக்கோ இது ஆகாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அட்டை இலக்கு மட்டும் போதும் என்பவர் போட்டி ரைபிளையே பார்க்கலாம். பழையது என்றால் சிலிண்டர் தேதியை முதலில் பாருங்கள். வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஒரே ரைபிள் வேண்டுமென்றால் அண்டர்லீவர். தூரமும் பலமும் தேவை, கழற்றிப் பூட்டவும் ஆசை என்றால் ரெகுலேட்டர் பிசிபி. அதை வாங்கும் அன்றே ஓ-ரிங் தொகுப்பும் ரெகுலேட்டர் சீட்டும் சேர்த்து வாங்குங்கள். திறக்கும் முன் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். உயர் அழுத்தம் படும் இடங்களில் சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் அங்கே தீப்பற்றக்கூடும். உத்தரவாதம் இருக்கும் வரை நீங்களே திறக்காமல், கிரோனோகிராஃப் எண்களையும் நாள்வாரியான அழுத்தக் குறிப்பையும் எழுதி ரைபிளோடு திருப்பி அனுப்புங்கள். எண்களோடு போகும் புகாரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.