வெளியுறவு நிலைக்குழு அறிக்கைகள்: தொடர்ந்து படிக்கும் ஒருவனின் மதிப்புரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஐந்துக்கு நான்கு. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் அதற்குக் கிடைக்கும் மரியாதைக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதற்கு மேல் தர மனம் வரவில்லை.

நான் சொல்வது, நம் நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு ஆண்டுதோறும் கொடுக்கும் மானியக் கோரிக்கை அறிக்கையைப் பற்றி. வெளியுறவு அமைச்சகம் இந்த ஆண்டு எவ்வளவு கேட்கிறது, போன ஆண்டு வாங்கியதை என்ன செய்தது, எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது, ஏன் போகிறது என்று எம்.பி.க்கள் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கும் ஆவணம் அது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எடுத்தவர்கள், வளைகுடாவில் அண்ணனோ மாமாவோ வேலை பார்ப்பவர்கள், இலங்கைச் செய்திகளை விடாமல் பார்ப்பவர்கள் என நம்மில் எத்தனையோ பேருக்கு இந்த அமைச்சகத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. ஆனாலும் இந்த அறிக்கையைப் படித்திருக்கிறேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அடிப்படை விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன, முதலில் 17 இருந்தன, 2004இல் 24 ஆக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு, ஆலோசனைக் குழு என்று. அதற்குத் தலைமை தாங்குவதே அமைச்சர்தான், அறிக்கை எதுவும் வராது. நிலைக்குழு அப்படி இல்லை. 2014 முதல் 2019 வரை எதிர்க்கட்சியைச் சேர்ந்த சசி தரூர் வெளியுறவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தார், அப்புறம் ஆளுங்கட்சியின் பி.பி. சௌத்ரி, 2024 செப்டம்பரில் மறுபடியும் தரூர்.

சரி, சரக்குக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்தது குழுவின் பரிந்துரைகள்கூட இல்லை, அவற்றுக்கு முன்னால் அச்சாகியிருக்கும் அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில்கள்தான். செய்தியாளர் சந்திப்பில் ஒரு கேள்வியைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே குழு எழுத்தில் கேட்கிறது, அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பதில் அறிக்கையில் அப்படியே பதிவாகிவிடுகிறது. ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, இந்தத் தூதரகக் கட்டிடம் ஏன் இன்னும் எழும்பவில்லை, சொந்த மனை இருந்தும் ஏன் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வருகின்றன. நான்கைந்து ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பதில் மாறவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

எண்களைப் பார்க்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஒதுக்கீட்டு அட்டவணையில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கும் பட்ஜெட் மதிப்பீடு, ஆண்டின் நடுவில் மாற்றும் திருத்திய மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. பத்திரிகைகளில் பிப்ரவரி 1 அன்று வருவது முதல் பத்தி மட்டும். கதை மற்ற இரண்டில் இருக்கிறது. 2024-25இல் அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 22,155 கோடி, திருத்திய மதிப்பீட்டில் அது சுமார் 25,277 கோடியாக ஏறியது, 2025-26க்கு மறுபடியும் சுமார் 20,517 கோடிக்கு இறங்கியது. இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா, அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் குழு இருக்கிறது.

மாலத்தீவுக்கான உதவித் தொகையைக் காட்டும் வரி இதற்கு நல்ல உதாரணம். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 600 கோடி. அதே ஆண்டு ஜூலையில் வந்த முழு பட்ஜெட்டில் 400 கோடி. 2025 பிப்ரவரியில் மறுபடியும் 600 கோடி. முய்சு அதிபரானது, இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்றது, பிறகு உறவு மெல்லச் சீரானது என்று நாம் செய்திகளில் பார்த்த அந்தக் காலம் முழுவதும் ஒரே வரியில் எண்ணாக நிற்கிறது. எது எதனால் ஆனது என்று எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் கொள்கையும் கணக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தை இப்படிப் பக்கத்திலிருந்து பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியாது. அந்த 2025-26 கணக்கில் வெளிநாடுகளுக்கான உதவி மொத்தம் சுமார் 5,483 கோடி, அதில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. நேபாளம் 700, மொரீஷியஸ் 500, இலங்கை 300, ஆப்கானிஸ்தான் 100, ஈரானின் சாபஹார் துறைமுகத்துக்கு 100. பூட்டானின் பங்கு இவ்வளவு பெரியது என்று முதல்முறை பார்த்தபோது நான் திரும்பவும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நாளந்தா பல்கலைக்கழகத்துக்கான பணமும் கல்வி அமைச்சகத்திலிருந்து வருவதில்லை, இந்த அமைச்சகத்திலிருந்துதான் வருகிறது என்பதும் எனக்கு இதைப் படித்துத்தான் தெரிந்தது.

2023 மார்ச்சில் வந்த அறிக்கையை நான் எல்லோரிடமும் சிபாரிசு செய்வேன். மத்திய அரசின் மொத்த பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்தின் பங்கு சுமார் 0.4 சதவீதம்தான், அதாவது நூறு ரூபாயில் நாற்பது காசு, இதைக் குறைந்தது 1 சதவீதமாக்க வேண்டும் என்று குழு அதில் சொன்னது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரிகளின் எண்ணிக்கை 1,011 மட்டுமே என்ற விவரமும் அதில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அப்போதைய குழுத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர், ஆகவே இது எதிர்க்கட்சியின் புகார் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது. சொல்லி என்ன ஆனது? 2025-26 பட்ஜெட்டை எடுத்து வகுத்துப் பாருங்கள், 50.65 லட்சம் கோடியில் 20,517 கோடி, அதே நாற்பது காசு.

இந்த அறிக்கைகள் காட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மதிப்புரை அரைகுறையாகிவிடும். 2022இல் இலங்கை பொருளாதாரம் குலைந்து பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது இந்தியா கொடுத்த உதவி சுமார் 400 கோடி டாலர் என்று அரசே சொன்னது. அப்போதைய மதிப்பில் அது 30,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு வெளியுறவு அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடே 17,250 கோடிதான்! காரணம் எளிது: ரிசர்வ் வங்கியின் கரன்சி மாற்று 40 கோடி டாலர், எரிபொருள் வாங்க எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியின் 50 கோடி டாலர் கடன், அத்தியாவசியப் பொருட்களுக்கு ஸ்டேட் வங்கியின் 100 கோடி டாலர் கடன் என்று அது வேறு வேறு வழிகளில் போனது. கடன் வேறு, மானியம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெளியுறவுக் கொள்கையின் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒரு சின்ன வரியாகக்கூட முழுதாகத் தெரியாது என்றால், அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தியா கட்டிக்கொடுத்த யாழ்ப்பாணத்துப் பண்பாட்டு மையமும் மலையகத்து வீடுகளும் நமக்கு எவ்வளவு நெருக்கமான விஷயங்கள், அவற்றுக்கு நிகராக இந்தக் கடன்களின் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அடுத்தது நடவடிக்கை அறிக்கை. இதைத் தவறவிடாதீர்கள். குழுவின் பரிந்துரைக்கு அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அந்தப் பதில்களைக் குழு தரம் பிரித்து இன்னொரு அறிக்கையாகப் போடும். இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவதில் குழு மேற்கொண்டு வற்புறுத்த விரும்பாதவை. நான்காவதில் பதில் திருப்தியில்லை என்று குழு மறுபடியும் வலியுறுத்துபவை. ஐந்தாவதில் இறுதிப் பதிலே வராதவை. நான் எப்போதும் நான்காம் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் உண்மையான சண்டை அங்கேதான் நடக்கிறது. இரண்டாம் அத்தியாயம் நீளமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற தொனியில் ஒரு வரி எழுதியிருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு வைக்க முடியும்.

பணத்தைத் தாண்டிக் கொள்கைகளைத் தொட்ட அறிக்கைகளும் உண்டு. 2018 செப்டம்பரில் வந்த டோக்லாம் அறிக்கை அந்த வகையில் துணிச்சலானது. எல்லையில் இந்திய ராணுவமும் சீன ராணுவமும் எதிரெதிரே நின்ற ஒரு விவகாரத்தை, ஓராண்டு கழித்து எம்.பி.க்கள் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2023 ஜூலையில் வந்த 'அண்டை நாடுகளுக்கு முதலிடம்' கொள்கை பற்றிய அறிக்கையும் முழுதாகப் படிக்கத் தக்கது. இவை வேலைநாளின் முடிவில் அரைமணி நேரத்தில் புரட்டுகிற ஆவணங்கள் அல்ல, விடுமுறை நாளில் பேனாவோடு உட்கார வேண்டும்.

இனி அந்த ஒன்றரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் டெல்லியிலும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். மக்களவையில் ஒருசில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதத்துக்கு வரும். மீதி எல்லாவற்றையும் கடைசி நாளில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார்கள், கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2018இலும் 2023இலும் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமலே எல்லாம் நிறைவேறின. 2023 மார்ச் என்றால், நான் மேலே புகழ்ந்த அதே அறிக்கை வந்த மாதம். 31 பேர் வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்தது, அவையில் ஒரு மணி நேரப் பேச்சுக்குக்கூடப் பயன்படவில்லை.

2024 இன்னும் மோசம். தேர்தல் முடிந்து ஜூலையில் முழு பட்ஜெட் வந்தது, ஆகஸ்டில் பணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, நிலைக்குழுக்களை அமைத்ததே செப்டம்பர் கடைசியில்தான். வெளியுறவுக் குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கை டிசம்பரில் வந்தது. பணம் கொடுத்து நான்கு மாதம் ஆன பிறகு, கொடுக்கலாமா என்று ஆராய்ந்த அறிக்கை. தேர்தல் ஆண்டு என்பது காரணம்தான், ஆனால் குழுவை ஜூலையிலேயே அமைப்பதற்கு என்ன தடை இருந்திருக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

விதிகளும் குழுவின் கையைக் கட்டித்தான் வைத்திருக்கின்றன. அறிக்கையில் வெட்டுத் தீர்மானம் (ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) போன்ற எதையும் பரிந்துரைக்கக் கூடாது, அன்றாட நிர்வாகத்துக்குள் போகக் கூடாது. கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கும். குழுவின் ஆயுள் ஓராண்டு, அதற்குள் ஒரு எம்.பி. பூட்டானின் நீர்மின் திட்டக் கணக்கைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கும்போது வேறு குழுவுக்கு மாற்றப்பட்டுவிடலாம். பிரிட்டனில் வெளியுறவுக் குழுவின் விசாரணைகள் பெரும்பாலும் நேரலையில் வருகின்றன, வெளியுறவு அமைச்சரே வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறார், 2010 முதல் குழுத் தலைவரை எம்.பி.க்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிட்டன் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறிய விதம் பற்றி 2022 மே மாதம் அந்தக் குழு எழுதிய அறிக்கை, துறையின் மிக மூத்த அதிகாரி தன் பதவியில் நீடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. நம் குழு முன் வழக்கமாக வருவது செயலரும் அதிகாரிகளும்தான். மூடிய அறைக்கு ஒரு நன்மை உண்டு என்று சொல்வார்கள், கேமரா இல்லாததால் எம்.பி.க்கள் கட்சி மறந்து பேசுகிறார்களாம், அதிகாரிகளும் மனம் திறக்கிறார்களாம். சீன எல்லை போன்ற விஷயத்தில் அதை ஏற்கிறேன். கட்டிட வாடகையைப் பேசக் கதவை மூட வேண்டுமா?

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. முழுதாக இல்லாவிட்டாலும் பரிந்துரைகள் இருக்கும் பகுதியையாவது மற்ற மொழிகளில் போட்டால், இலங்கை, மலேசியா, வளைகுடா என்று உறவுகள் பரந்து கிடக்கும் நம் ஊர்களில் படிக்க ஆள் இருக்கிறது.

முதல்முறை எடுப்பவர்கள் 2023-24 மானியக் கோரிக்கை அறிக்கையில் தொடங்குங்கள். முன்னுரையைத் தாண்டிவிட்டு நேராக ஒதுக்கீட்டு அட்டவணைக்குப் போய் மூன்று பத்திகளையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஒரு நாட்டை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளின் அறிக்கைகளில் அதே வரியைத் தேடுங்கள். எனக்கு அது இலங்கை. 2025-26இல் 300 கோடி என்று நின்ற அந்த வரி, உண்மைச் செலவுப் பத்தியில் எவ்வளவாக முடிகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.