ஒட்டிய ரிசீவர், நான்கு ஆண்டுகள் கழித்து

போன வாரம் மதுரையிலிருந்து மைத்துனர் கேட்டார்: "அத்தான், தாத்தா கடையில் இருந்த கருப்பு போனின் ரிசீவரில் விரிசல் விட்டிருக்கிறது. நீங்கள் உங்கள் போனின் ரிசீவரை ஒட்டினீர்களே, அது இன்னும் தாங்குகிறதா?" தாங்குகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அரை மணி நேரம் பேசினேன். அப்போதும் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது காரைக்குடியின் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய போன், பேக்கலைட் என்ற பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது. பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்டிரீஸின் தயாரிப்பு. உடல் பகுதியில் குறையே இல்லை. ரிசீவரில்தான், காதில் வைக்கும் பக்கத்துக் கழுத்தை ஒட்டி இரண்டு அங்குல விரிசல். தெரிந்தேதான் வாங்கினேன்.

முதல் தவறு அவசரம். தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கும் ஒருவர், பற்றவைக்கும் சூட்டுக்கோலால் உருக்கி இணைத்துவிடலாம் என்றார். கொடுத்தேன். பேக்கலைட் உருகாது. லியோ பேக்லாண்ட் 1907இல் இதை உருவாக்கியதன் சிறப்பே அதுதான்: அச்சில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒருமுறை இறுகிவிட்டால், பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது, கருகத்தான் செய்யும். கடை முழுக்கப் பினாயில் போன்ற நெடி. விரிசலின் ஓரத்தில் மிளகளவு குழி. அதற்கும் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழி விழுந்திருக்காது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது தவறு என்னுடையது. நொடியில் பிடிக்கும் பசையை விட்டேன். பிடித்தது. ஆனால் விரிசலின் இருபுறமும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏழாவது மாதம் ரிசீவரைச் சற்று வேகமாக வைத்தபோது அதே இடத்தில் பிளந்தது. அந்தப் பசை இறுகினால் கண்ணாடிபோல் விறைத்துவிடும், அதிர்ச்சியைத் தாங்காது. உள்ளே படிந்த பழைய பசையை நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசிட்டோனால் கரைத்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அசிட்டோன் பேக்கலைட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே சாயலில் பின்னாளில் வந்த சாதாரணப் பிளாஸ்டிக் போன்களில் பட்டால் மேற்பரப்பு குழைந்துவிடும். ஆகவே உட்புறத்தில் ஒரு துளி தொட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிலைத்தது மூன்றாவது முயற்சி. இரண்டு டியூப்களாக வரும் எபாக்சி பசை. அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் வகை வேண்டும். பசையைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. இந்த ரிசீவர் எத்தனை பேர் காதோரம் இருந்திருக்கும்! தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் பல ஆண்டுகளாக விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. பல் துலக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டு, துடைக்கும் துணி கறுக்காமல் வரும்வரை நான்கு முறை தேய்த்தேன். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஸ்பிரிட் மேற்பரப்பில் உலர்ந்த பிறகும் விரிசலுக்குள் ஈரம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத முனைவரை விரிசல் கோடாகத் தெரியும். அந்த முனையில் ஒரு மில்லிமீட்டர் துளை ஒன்றைக் கையால் மெல்லத் திருகிப் போட்டேன். துளையில் வந்து நின்ற விரிசல் இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

நிறத்துக்கு விளக்குக் கரி. அம்மா கண்மைக்குப் பிடிப்பதுபோல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்திய கரி. ஒரு சிட்டிகை போதும், கூடினால் பசை வலுவிழக்கும். கரியில் மின்சாரம் பாயும் என்பதால் கம்பிகள் முடுக்கும் இடத்துக்கு அருகே இதைக் கொண்டுபோகக் கூடாது. இணைப்பை இறுக்கிப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினேன். வளைந்த பொருளுக்கு இரும்புக் கிடுக்கியைவிட அதுவே மேல்.

தேய்ப்பதில் மட்டும் பேராசை கூடாது. பேக்கலைட்டின் பளபளப்பு முழுவதும் மேலே உள்ள மெல்லிய தோலில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே மரத்தூள் கலந்த உடல். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்துத் தோலைத் தாண்டிவிட்டால், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த இடம் பழைய பளபளப்புக்குத் திரும்பாது. தண்ணீர் விட்டு, மிக மென்மையான தாளில், ஒட்டிய கோட்டின் மேல் மட்டும் தேய்த்தேன். தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல, தண்ணீர் விடுவது அதற்காகவும்தான்.

நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை பயந்தேன். கத்திரி வெயிலில் போன் ஜன்னலோரம் இருந்துவிட்டது. கருப்புப் பொருள் எவ்வளவு சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேக்கலைட்டுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இறுகும் எபாக்சி அந்தச் சூட்டில் சற்றே தளரும். இணைப்பில் மயிரிழை அளவு படி ஒன்று நகத்தில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து போன் கூடத்தின் உள்மூலையில் இருக்கிறது. மற்றபடி தினமும் எடுக்கிறோம், வைக்கிறோம். பிள்ளைகள் இருமுறை சோபாவில் போட்டிருக்கிறார்கள். ஒட்டிய இடம் அசையவில்லை. விருந்தினர் யாரும் இதுவரை கோட்டைக் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் அதைத் தட்டினால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. என் அப்பா தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்தவர். பானை வாங்குகிறவர்களைப்போல, விரல் கணுவால் ரிசீவரின் நடுவில் தட்டிக் காதைக் கொடுப்பார். முழுசாக இருந்தால் கெட்டியாக, சுத்தமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் அமுங்கி ஒலிக்கும். என் ரிசீவர் இப்போதும் அமுங்கித்தான் ஒலிக்கிறது. பசை பேக்கலைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே தவிர, பேக்கலைட் ஆகிவிடவில்லை. கண்ணை ஏமாற்றிய வேலை அப்பாவின் காதை ஏமாற்றியிருக்காது. கடந்து போகும்போதெல்லாம் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் மனம் சுருங்குகிறது.

நியாயமாகப் பார்த்தால் இது நல்ல பழுது. மலிவானது, உறுதியானது. ஆனாலும் மைத்துனரிடம், ஒட்ட வேண்டாம், விரிசலில்லாத ரிசீவர் ஒன்றைத் தேடி, தட்டிப் பார்த்து வாங்கி மாட்டிவிடுங்கள் என்றுதான் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாத்தா பிடித்துப் பேசியது இதைத்தானே, அத்தான்" என்றார்.

சனிக்கிழமை கொண்டு வருகிறார். சைக்கிள் டியூபை வெட்டி வைத்துவிட்டேன்.