இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சி: ஓராண்டு ஓடிய பிறகு தெரிபவை

விற்க வருபவர் காட்டும் மாதிரிப் பாடம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் பெரிய திரை, வேகமான இணையம், எதை எங்கே தொட வேண்டும் என்று தெரிந்த ஒருவர். அதே பாடத்தை சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத் தொழிற்கூடம் ஒன்றில் மதிய இடைவேளையில், கீறல் விழுந்த கைபேசியில் ஓர் ஊழியர் தமிழில் திறக்கும்போதுதான் அதன் தரம் வெளியே வரும். முதல் மாதத்தில் எல்லாப் பயிற்சித் தளங்களும் ஒன்றுபோலவே தெரியும். ஆறாம் மாதத்துக்கு மேல்தான் வித்தியாசம் புரியும். சிங்கப்பூரில் 20 முதல் 200 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டுமானத் தளத்துக்கான அறிமுகப் பாதுகாப்புப் பயிற்சி, உயரத்தில் வேலை, கன்ஃபைண்டு ஸ்பேஸ் (தொட்டி போன்ற அடைபட்ட இடம்), ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கு ஆள் நேரில் போயாக வேண்டும். விழுந்தால் தாங்கும் உடல்வாரான ஹார்னஸைப் போட்டுக் காட்டி, கையால் செய்து காட்டித் தேர வேண்டிய பயிற்சிகள் இவை. "எங்கள் சான்றிதழ் இருந்தால் அங்கே போகவே வேண்டாம்" என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பாடம் கைகொடுக்கும் இடங்கள் வேறு. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் அறிமுகம், சான்றிதழ் பெற்றவருக்கு இடையிடையே நினைவூட்டல், ரசாயனப் புட்டியின் லேபிளை வாசிப்பது, விபத்தையும் நூலிழையில் தப்பிய சம்பவத்தையும் தெரிவிக்கும் முறை, வெயில் பாதிப்பு, அலுவலக ஊழியர்களுக்கான அடிப்படைகள். இவற்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. அதன்படி, அறிவுறுத்தல், தகவல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கும் ஊழியருக்குப் போதுமான அளவு கிடைக்க முதலாளி வழிசெய்ய வேண்டும். இணையத் தளம் தருவது முதல் இரண்டும், மூன்றாவதில் ஒரு பகுதியும்தான். நான்காவதை எந்தச் சந்தாவும் தராது.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, வெளிநாட்டில் தயாரித்த பெரிய பாடத் தொகுப்பு. நூற்றுக்கணக்கான தலைப்புகள், நல்ல அசைவுப்படங்கள், ஆளுக்கு ஆகும் செலவும் குறைவு. ஆனால் உள்ளே நுழைந்தால் அமெரிக்கச் சட்டம், அமெரிக்க அவசர எண். தீ என்றாலும் ஆம்புலன்ஸ் என்றாலும் இங்கே அழைக்க வேண்டியது 995. இதையே தவறாகச் சொல்லும் பாடத்தை ஒரு புது ஊழியரின் கையில் கொடுப்பது ஆபத்து. வெயில் பாதிப்புப் பாடத்திலும் இதே கோளாறுதான். வெளிப்புற வேலையிடங்களில் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கும் டபிள்யூபிஜிடி அளவை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதி. அளவு 32 பாகையைத் தொட்டால் கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். புதிதாக வந்தவரின் உடல் வெயிலுக்குப் பழகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும். இந்த எண்கள் பாடத்தில் இருக்கின்றனவா என்று தேடினாலே அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை உள்ளூரில் தயாரித்தவை. தலைப்புகள் குறைவு, படங்கள் சுமார், ஆனால் விதிகள் சரியாக இருக்கும். மூன்றாவது, நிறுவனமே தன் இடத்தில் எடுத்த சிறு காணொளிகள். ஓராண்டு கழித்தும் ஊழியர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்தால், மூன்றாவது வகைதான் முன்னால் நிற்கிறது. தன் இயந்திரம், தன் கிடங்கு, தன் மேற்பார்வையாளர் முகம் என்றால் ஆள் கவனித்துப் பார்க்கிறார். ஆகவே, வாங்கும் தளத்தில் நம் சொந்தக் காணொளியையும் கேள்விகளையும் ஏற்ற முடியுமா என்பதைத் தலைப்புகளின் எண்ணிக்கைக்கு முன்னால் கேளுங்கள்.

சொந்தப் பாடம் ஏன் வேண்டும் என்பதற்கு 2021 பிப்ரவரி 24 அன்று துவாசில் நடந்த வெடிப்பைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கலவை இயந்திரத்தைச் சுற்றி எண்ணெய் நிரப்பியிருந்த உறை வெடித்தது. அதைத் தொடர்ந்து அங்கே இருந்த உருளைக்கிழங்கு மாவுத் தூள் தீப்பிடித்தது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். சமையலறையில் இருக்கும் மாவைப் போன்ற ஒரு பொருள் காற்றில் பறந்தால் தீப்பந்தாகும் என்பதைப் பொதுவான "தீப் பாதுகாப்பு" பாடம் சொல்லாது. அது தீயணைப்பானைப் பிடிக்கும் விதத்தோடு நின்றுவிடும். உங்கள் இடர் மதிப்பீட்டுத் தாளில் இருக்கும் ஆபத்துகளை ஒரு பக்கமும் பாடத் தலைப்புகளை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். ஜோடி இல்லாமல் நிற்கும் ஆபத்துகள்தான் நீங்களே பாடம் செய்ய வேண்டியவை. அந்த இடர் மதிப்பீட்டை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது, விபத்து நடந்தாலோ வேலைமுறை மாறினாலோ உடனேயும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. பாடமும் அதோடு சேர்ந்து மாற வேண்டும்.

அடுத்தது தமிழ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். திறந்து பார்த்தால் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழாக இருக்கும். ஹார்னஸ் அங்கே குதிரைச் சேணமாகிவிடும். கயிற்றை மாட்டும் ஆங்கர் பாயிண்ட் கப்பல் நங்கூரமாகும். இயந்திரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடுவதைக் "கதவடைப்பு" என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆலையில் வேலை பார்த்தவருக்கு அந்தச் சொல்லின் பொருளே வேறு.

இவற்றைக்கூட ஊழியர் ஊகித்துக்கொள்வார். ஊகிக்க முடியாத ஒன்று இருக்கிறது. "வேலை அனுமதி இல்லாமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது" என்று ஒரு வரி வரும். சிங்கப்பூரில் வேலை அனுமதி என்றால் சட்டைப்பையில் இருக்கும் ஒர்க் பெர்மிட் அட்டை. அட்டை இருக்கிறதே, இறங்கலாம் என்றுதான் அந்த வரி படிக்கிறவருக்குச் சொல்கிறது. அங்கே எழுதியிருக்க வேண்டியது: "இன்றைக்கு, இந்தத் தொட்டிக்கு என்று எழுதிக் கையெழுத்தான பிடிடபிள்யூ (பெர்மிட் டு ஒர்க்) தாள் இல்லாமல் இறங்கக் கூடாது." ஒரு சொல்லில் ஓர் உயிர் போகக்கூடிய இடம் இது. ஒப்பந்தம் போடுவதற்கு முன் தமிழ்ப் பாடத்தில் பிடிடபிள்யூ எப்படி வருகிறது என்று தேடிப் பாருங்கள். இதில் தவறிய பாடத்தின் மற்ற பக்கங்களையும் நம்ப முடியாது.

குரலும் முக்கியம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒலி இல்லாத பாடம் அவர்களுக்கு வெறும் படம். செய்தி வாசிக்கும் தொனியைவிட, வேலையிடத்தில் பேசுவதுபோல "சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி பச்சை அட்டை இருக்கான்னு பாருங்க" என்று சொல்வது மனத்தில் நிற்கிறது. கூடவே ஒரு கவனம்: இந்தியர் என்று பதிவான எல்லோருக்கும் தமிழை ஒதுக்கிவிடும் வழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. தெலுங்கு பேசுபவரும் பஞ்சாபி பேசுபவரும் வாய் திறக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே போய்விடுவார்கள். மொழியை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும்.

தேர்வுக் கேள்விகளைப் பார்க்காமல் எந்தப் பாடத்தையும் வாங்காதீர்கள். காணொளியைவிடக் கேள்விதான் பாடத்தின் உண்மையான தரத்தைக் காட்டும். "உயரத்தில் வேலை செய்யும்போது ஹார்னஸ் அணிய வேண்டுமா?" என்ற கேள்விக்குத் தூக்கத்திலும் விடை சொல்லலாம். அதையே இப்படிக் கேட்கலாம்: கயிறு 1.8 மீட்டர். அதிர்வு தாங்கும் பகுதி விரிந்தால் இன்னும் சுமார் 1.1 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர். நீங்கள் நிற்கும் தளம் தரையிலிருந்து 4 மீட்டர். கயிற்றைக் காலருகே மாட்டியிருக்கிறீர்கள். விழுந்தால் என்ன ஆகும்? கூட்டினால் ஏறக்குறைய 5.4 மீட்டர் வருகிறது. ஹார்னஸ் போட்டிருந்தும் தரையில் மோதுவார். தலைக்கு மேலே மாட்ட வேண்டும், இல்லையென்றால் கயிற்றின் வகையை மாற்ற வேண்டும் என்று இந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுக்கும் அளவுக்கு இருபது நிமிடக் காணொளி கற்றுக்கொடுப்பதில்லை. கன்ஃபைண்டு ஸ்பேஸ் என்றால், மீட்டரில் ஆக்சிஜன் 18.9 விழுக்காடு என்று காட்டும் படத்தைப் போட்டு "இறங்கலாமா?" என்று கேட்க வேண்டும். 19.5க்கும் 23.5க்கும் இடையில் இருந்தால்தான் சரி என்று எண்ணைப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

கேள்வித் தேர்வு கெட்டுப்போவதற்கு அதிக நாள் ஆவதில்லை. பத்தே கேள்வி, அதே வரிசை என்றால் இரண்டாம் வாரத்திலேயே விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். பத்துக் கேள்வி கேட்க முப்பது, நாற்பது கேள்விகள் கையிருப்பில் இருக்க வேண்டும். விடைகளின் வரிசையும் மாற வேண்டும். 80 விழுக்காடு தேர்ச்சி என்பதிலும் ஓட்டை இருக்கிறது. தவறிய இரண்டு எவை? அவை பூட்டுப் போடுவதும் வாயுவை அளப்பதும் என்றால் 80 எடுத்தும் பயனில்லை. சில கேள்விகளைக் "கட்டாயம் சரியாக இருக்க வேண்டும்" என்று குறிக்கத் தளம் அனுமதிக்க வேண்டும். பலர் ஒரே கேள்வியில் தவறினால் அதை அறிக்கையில் தனியாகக் காட்டவும் வேண்டும். அந்த அறிக்கைதான் மறுநாள் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் என்ன பேசுவது என்று சொல்லும்.

தொழில்நுட்பக் கோளாறுகளில் அடிக்கடி வருவது, பாதியில் நின்ற பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. இணையப் பாடங்களைத் தளத்தில் ஏற்றப் பயன்படும் ஸ்கார்ம் என்ற பொது வடிவத்தின் பழைய 1.2 பதிப்பில், விட்ட இடத்தைக் குறித்துவைக்க 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். நீளமான பாடம் அதைத் தாண்டினால் குறிப்பு சேமிக்கப்படாது. பாடத்தை எட்டு, பத்து நிமிடத் துண்டுகளாக உடைத்தால் இந்தத் தொல்லை போகும். ஊழியருக்கும் அதுவே வசதி. சான்றிதழில் பெயரைத் தமிழில் அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துரு சரியாகப் பதியாத பிடிஎஃப்பில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். பதிவேட்டைக் கோப்பாக இறக்கி எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியக்கூடும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து உள்ளே கொண்டுவந்தால் சரியாகும்.

உள்நுழைவுக்கு, வெளிநாட்டு ஊழியரின் அடையாள எண்ணான ஃபின் எண்ணைப் பயனர் பெயராக வைக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. அடையாள எண்ணை முழுதாகத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பரிலிருந்து கட்டுப்பாடு உண்டு. ஃபின் எண்ணுக்கும் அது பொருந்தும். நிறுவனத்தின் ஊழியர் எண் போதும். பெயரை மட்டும் நம்பிப் பதிவு வைத்தால் வேறு சிக்கல் வரும். ஒர்க் பெர்மிட்டில் தந்தை பெயர் முன்னாலும் பயிற்சித் தளப் பட்டியலில் பின்னாலும் இருக்கும். ஒரே பெயரில் நாலு பேரும் இருப்பார்கள். ஒருவரின் தேர்ச்சி இன்னொருவர் கணக்கில் ஏறுவது இப்படித்தான்.

எப்போது படிக்கச் சொல்கிறோம் என்பதும் பாடத்தின் தரத்தைப் போலவே முக்கியம். நீண்ட வேலைநாள் முடிந்து லாரியில் விடுதி திரும்பியவரை இரவு பத்து மணிக்குப் பாடம் பார்க்கச் சொன்னால், கைபேசி ஒரு பக்கம் ஓடும், அவர் மறுபக்கம் தூங்குவார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலை வேலை நேரத்தில், சம்பள நேரமாகவே, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்: எட்டு நிமிடம் பாடம், மீதி ஏழு நிமிடம் மேற்பார்வையாளரோடு அந்த இயந்திரத்தின் முன்னால். "அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே? அழுத்திக் காட்டுங்க." அவர் கை நேராக அதில் போய் நிற்கிறதா என்று பார்த்து, தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டால்தான் அந்தப் பயிற்சி முடிந்தது. இந்தக் கையெழுத்தைப் படம் எடுத்து அதே பதிவில் ஏற்ற வசதி உள்ள தளத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆளுக்கு ஓர் இருக்கை என்ற கணக்கில் கட்டணம் என்றால், வேலையை விட்டுப் போனவரின் இருக்கையை அடுத்தவருக்கு மாற்றலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆள் அடிக்கடி மாறும் துறைகளில் பணம் கரைவது அங்கேதான். விதி மாறினால் எத்தனை நாளில் பாடத்தைத் திருத்துவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதும் ஒப்பந்தத்தில் வேண்டும். சந்தா முடிந்தால் பழைய பதிவுகள் அனைத்தையும் பாடப் பதிப்பு எண், மொழி, தேதி, மதிப்பெண்ணோடு இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். விபத்து நடந்து அதிகாரிகள் வந்து கேட்கும் நாளில், இரண்டு ஆண்டுக்கு முன் அவர் படித்தது எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

முடிவெடுக்கும் முன் மூன்று வாரம் சோதித்துப் பாருங்கள். பத்துப் பேர் போதும்: இருவர் புதியவர், இருவர் வாசிக்கச் சிரமப்படுபவர், ஒரு மேற்பார்வையாளர், மீதி வழக்கமான ஊழியர்கள். எல்லோரும் தங்கள் சொந்தக் கைபேசியிலேயே பார்க்கட்டும். முதல் வாரம் பாடம், இரண்டாம் வாரம் எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் எழுத்துத் தேர்வு வைக்காமல் வேலையிடத்தில் நின்று, அவர்கள் ஹார்னஸை எங்கே மாட்டுகிறார்கள், இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற அந்தக் குறிப்போடு விற்பனையாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விலை பேசுங்கள்.